எல்லோருக்கும் இரண்டாவது

2006 நவம்பர் 12, ஞாயிறு. வில்லரே.

எங்கள் கட்டடச் சங்கத் தலைவர் தேர்தலில் இன்று வாக்குப் போட்டோம். இம்முறை ஒருவருக்கு மட்டும் புள்ளடி போடுவதில்லை. நான் உட்பட நிற்கும் மூவருக்கும் விருப்பப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட வேண்டும். புத்தகம் படித்து இந்த முறையைக் கொண்டுவந்தவனே நான். முறையில் பிழையில்லை, இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

நான் தோற்றால் பின்வளவுத் தோட்டத்தை மூடிக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்கள். மற்ற இருவருக்கும் கார்தான் பெரிது.

வாசலில் கண்ட எல்லோரும், "அண்ணை, உங்களுக்கு ரண்டு போட்டிருக்கிறன்" என்றார்கள். மகிழ்ச்சியோடுதான் படியேறினேன். சாப்பிடும்போதுதான் உறைத்தது. ஒன்றாம் இலக்கம் ஆகக் குறைவாகப் பெற்றவரை முதலில் நீக்கிவிடுவார்கள். நீக்கியவருக்கு விழுந்த இரண்டுகளை ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

நாளை எண்ணுகிறார்கள்.

படுத்திருந்த மனைவியிடம், "கமலம், நீரும் எனக்கு ரண்டுதானோ?" என்று கேட்டேன்.

"ரகசிய வாக்கெண்டு கூட்டத்தில கத்தினது ஆர்? பேசாமல் படுங்கோ."

அவள் தூங்கிவிட்டாள். எனக்கு ஒன்று போட்டவர்களில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.