சான்ரேமோ ஓட்டலில் எனக்கு ஒதுக்கிய அறை

ரங்கூன், ஐப்பசி மாதம்.

தைலம்மாள் அக்காவுக்கு ராமாயியின் வணக்கம். உன் மூட்டுவலி தணிந்ததா? நான் சௌக்கியம், கவலைப்படாதே.

வெள்ளிக்கிழமை கூடத்தில் இருந்தவர்கள் என் மகன் ராஜரத்தினம், அவன் கட்டிய பர்மாக்காரி மா டின், எதற்கும் பல்லைக் காட்டும் கப்பல் ஏஜெண்டு அப்பாசாமி, அப்புறம் நான். அரிசி மில்லில் நாலு காசு சேர்ந்ததும், துரைமார் போல இத்தாலி தேசத்துச் சான்ரேமோவில் ஒரு மாதம் கடற்காற்று வாங்க, என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். குலசேகரப்பட்டினத்துக் கடலில் மூக்கொழுகக் குளித்த பயல், கடல் தெரியும் ஜன்னலுக்கென்று தனி வாடகை கொடுக்கிறான்! ஓட்டல் படத்தில் வெள்ளைக்காரர்கள் கருவாடு காயப்போட்ட மாதிரி மணலில் கிடக்கிறார்கள்.

"பெரியம்மாவுக்கு எந்த ரூம்?" என்றான் அப்பாசாமி.

"அம்மாவை ஆயான்னு போட்டுரும். மச்சுல வேலைக்காரங்க ரூம் போதும். சாப்பாட்டு மேசைக்கும் வரவேண்டாம்" என்றான் என் மகன். நான் பக்கத்தில்தான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன்.

மா டின் படத்தைப் பிடுங்கினாள். "அத்தே ஆயான்னா நானும் ஆயாதான். எனக்கும் மச்சு ரூமே போடுங்க."

கல்யாணப் பந்தியில் என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தவள் இவள். அதை இன்றுவரை மறக்கவில்லை.

நான் போகப்போவதில்லை. கொஞ்சம் சுண்டவற்றல் அனுப்பு. பதிலைப் பெரிய எழுத்தில் எழுது; படித்துக்காட்டு என்று இனி என் மகனிடம் நீட்டமாட்டேன்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. அப்பாசாமி கூலிக்குப் பல்லைக் காட்டுகிறவன், போகட்டும். மா டின்னையும் மன்னித்துவிட்டேன். ராஜரத்தினத்தை மட்டும் மன்னிக்கமாட்டேன்.