முன்பக்கத்துப் பெயர்கள்

1955 ஜூலை 4, திங்கள்

விடியும் முன்பே மழை. தலையில் போட்ட சாக்கு நனைந்து கூடையைவிடப் பாரம். தேயிலைக் கொழுந்து எடை குறைவு. கங்காணியின் வசை: "இதுக்குத்தான் வாயே இல்லையே, கையாவது ஓடக் கூடாதா?" வாய் இல்லாததற்கும் கொழுந்துக்கும் என்ன தொடர்பு? அதையும் கேட்கவில்லை.

மாலையில் அப்பா பேருக்கு ஒரு கடிதம். ஆங்கிலம். கோவில் உபதேசியார் எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து வாசித்துச் சொன்னார். (உபதேசியார் என்று எழுத நீளம். இனி உ.) சிலோன் பிரஜாவுரிமை விசாரணை. வெள்ளிக்கிழமை, ஹட்டனில். மனுப் போட்டு நான்கு வருடம், இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா, அம்மா, நான், தங்கை ரூத்து, நாலு பேருக்கும் ஒரே மனு. கிடைத்தால் இந்த நாட்டுக்காரர்கள். கிடைக்காவிட்டால் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை. இந்தியாவுக்குப் போ என்பார்கள். அங்கே எங்களை யாருக்குத் தெரியும்? நாங்கள் யாரும் கடலையே பார்த்ததில்லை.

கொண்டுபோக வேண்டியவை:
தோட்டத்துக் கடிதம் (இந்த வட்டவளைத் தோட்டத்துக்கு வந்தது 1940, அதிலிருந்து மட்டும்)
ரூத்துவின் பிறப்புச் சான்று
அரிசிக் கூப்பன் புத்தகம்
வேதப்புத்தகம்

வேதப்புத்தகம் எதற்கென்றால், 1940க்கு முன்னால் நாங்கள் நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தோட்டம். அங்கே பழைய பேர்ப் பதிவு இல்லையாம். கோவில் பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டதாம். அப்போது நாங்கள் இந்த மண்ணில் இருந்ததற்கு மிச்சமுள்ள ஒரே சாட்சி எங்கள் வேதத்தின் முன்பக்கம். அந்த நாளில் இருந்த பாதிரியார் தன் கையால் எழுதியது. அண்ணன் சாமுவேல் பிறந்தது, ஞானஸ்நானம், பதினோரு மாதத்தில் இறந்தது. பிறகு நான். தேதி, தோட்டம், எல்லாம். பாதிரியாரும் இப்போது இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா முத்தாயி அக்கா கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு மூன்று மாதத்துக்கு முன்பே இல்லை என்றாகிவிட்டது. அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "ஒங்க சாமி எழுதப் படிக்கத் தெரிஞ்ச சாமி, பாக்கியம். எங்க முனியாண்டிக்கு அருவாளத்தான் புடிக்கத் தெரியும், பேனாவப் புடிக்கத் தெரியுமா?" அம்மா சிரித்தாள். அப்பாகூடச் சிரித்தார்.

பகுதி வாசித்தேன். அட்டையில் கோடு போட்டேன். கோவிலில் வருடத் தொடக்கத்தில் தரும் அட்டை, தேதிக்கு ஒரு பகுதி. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அப்பாவுக்குப் பெரிய எழுத்து மட்டும். பத்து வயதிலிருந்து நான்தான் வாசிக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு மிஞ்சிய பள்ளிக்கூடம் இது.

ஜூலை 6, புதன்

மழை. ரூத்துவுக்கு இருமல். அப்பாவின் கோட்டுக்குப் பித்தான் தைத்தேன்.

ஒன்று உறுத்துகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் கிறிஸ்மஸுக்குக் காம்பராவுக்கு வெள்ளையடித்த நேரம், முன்பக்கத்து எழுத்து ஒழுக்கு நீரில் மங்கிப் போயிருந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு வருடப் பிறப்பன்றும் அந்தப் பக்கத்துப் பெயர்களைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்போம், இறந்த சாமுவேலையும் சேர்த்து. அழியக்கூடாதென்று நீல மையால் எழுத்துக்கு மேல் எழுத்தாக எழுதினேன். ஒரு கோடும் விலகவில்லை. அப்பா லயம் முழுக்கக் காட்டினார். "அச்சடிச்ச மாதிரி இல்ல? நம்ம லேயா கை!" நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இன்று எடுத்துப் பார்த்தால் அது மிகவும் புதிதாகத் தெரிகிறது.

அம்மாவிடம் சொன்னேன். "அழிஞ்சத எழுதுன. தப்பா எழுதுனியா? இல்லீல்ல. போய்த் தண்ணி எடுத்துட்டு வா."

ஜூலை 8, வெள்ளி

ஹட்டன். போய் வந்தாயிற்று. எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

வாசலில் எண்பது பேராவது இருப்பார்கள். எல்லோர் மடியிலும் துணிப் பொட்டலம், அதற்குள் கடுதாசி. யாரும் யாரோடும் பேசவில்லை, பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி. இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். விசாரிக்கும் துரை கண்ணாடி போட்டவர். பக்கத்தில் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு யாழ்ப்பாணத்து மனிதர். சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவர்கள் வேதம் வேறு அறையில். ஆகவே எங்கள் வேதத்தின் மேலேயே அப்பாவின் கையை வைக்கச் சொன்னார்கள்.

பிறகு துரை முன்பக்கத்தைத் திறந்தார். விரலால் தடவினார். ஏதோ சொன்னார்.

"இது ஆர் எழுதினது?" என்று தமிழ்க்காரர்.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். "பாதிரியாருங்க."

"எல்லாம் அவர் கையாலையோ? வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"அவரு கையாலதாங்க."

அடியில் இருப்பது அவர் எழுத்துத்தான். மேலே இருப்பது என் எழுத்து. அது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். நான் சுவரோரம் நின்றேன். நான் சொல்லியிருந்தால் இரண்டே வார்த்தை. துரை பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். கோபமாகச் சிரிக்கவில்லை, தினமும் பார்க்கிறவர் சிரிப்பது போல.

வேதத்தை வைத்துக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து வர வேண்டும். பாதிரியார் எழுதிய வேறு ஏதாவது இருந்தால் ஒப்பிடக் கொண்டுவரலாமாம்.

ரயிலில் அம்மா வெற்றுத் துணியை நாலாக மடித்து மடியில் வைத்திருந்தாள். பகுதி வாசிக்கவில்லை. வாசிக்கப் புத்தகம் இல்லை.

ஜூலை 10, ஞாயிறு

மாதத்துக்கு ஒரு முறை வரும் புதுப் பாதிரியார் வந்தார். திருவிருந்து. அப்பா போகவில்லை. எல்லோரும் எழுந்து வரிசையில் போக, அவர் மட்டும் பெஞ்சில். அம்மா முழங்கையால் இடித்தாள். "இந்தாங்க, எந்திரிங்க. சனங்க பாக்குறாங்க."

"நீ போ."

பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு அக்கினிக் கடல் என்று ஞாயிறு வகுப்பில் பாடமாகவே படித்திருக்கிறேன். அப்பாவும் அதே பாடம்தான் படித்தார். எனக்காகச் சொன்னார். என்னை அந்தத் துரை முன்னால் இழுத்து நிறுத்தக் கூடாதென்று சொன்னார். அதற்கு எந்தக் கடல்?

ஜூலை 13, புதன்

அட்டையில் ஐந்து நாள் கோடு இல்லை. உ. கோவில் வேதத்தை இரவலாகத் தருவதாகச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். "நம்ம புள்ள பேரு இல்லாத புத்தகம் எதுக்குங்க?"

உ. அதை விட்டுவிட்டு அப்பாவைத் தேற்றத் தொடங்கினார். "தாவீது, மனச விட்டுராத. நமக்கு நெலையான குடியிருப்பு மேல இருக்குது. இந்த சிலோன் கடுதாசியெல்லாம் எத்தன நாளைக்கு?"

அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே: "மேல போனாலும் யாரு எழுதுனதுன்னு கேப்பாங்களா உபதேசியாரே?"

உ. தேத்தண்ணீர் குடித்தார். உ.வுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, போன வருடமே. அதை எழுதுவது பொறாமைதான். எழுதியே விட்டேன்.

ஜூலை 17, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு உ.விடம் போனேன். வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: திரும்பப் போகும்போது நான் எழுதினதென்று துரையிடம் சொல்லப் போகிறேன்.

அவர் முகம் மாறியது. "வேணாம் லேயா. நீ உண்மையச் சொன்னா ஒங்கப்பன் சத்தியம் பண்ணிப் பொய் சொன்னவனாயிருவான். கேஸ் போட்டாலும் போடுவாங்க."

"சொல்லாட்டி?"

"கர்த்தர் உள்ளத்தப் பாக்குறவரு."

உள்ளத்தைப் பார்க்கிறவர் ஹட்டன் கந்தோரில் இல்லையே, அங்கே எழுத்தைத்தானே பார்க்கிறார்கள் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். அங்கே சொல்ல வரவில்லை. எனக்கு எப்போதும் வழியில்தான் பேச்சு வரும்.

ஜெபித்தேன். அப்பா இல்லாமல் நான் மோட்சத்தில் யார் பக்கத்தில் உட்காருவது என்று கேட்டேன். அதைப் பாவம் என்று சொல்வார்களோ, தெரியவில்லை.

ஜூலை 22, வெள்ளி

அட்டையில் இந்த மாதம் பாதிக்கு மேல் வெறுமை. வெயில், இரண்டு மணி நேரம். துணி காய்ந்தது. ரூத்து மனப்பாடமாக ஒரு சங்கீதம் சொன்னாள், நடுவில் மறந்து ஆட்டுக்குட்டிப் பாட்டில் முடித்தாள். யாரும் திருத்தவில்லை.

பாதிரியார் எழுதிய வேறெதுவும் எங்கும் கிடைக்கவில்லை. அப்பா நோர்வூட் போய் நாலு வீடு கேட்டு வந்தார்.

ஜூலை 29, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

துரை கோப்பைத் திறக்கும் முன்பே சொன்னேன். "நான்தாங்க எழுதினேன்." சத்தம் வரவில்லை. தமிழ்க்காரர் காதைச் சாய்த்தார். மறுபடி சொன்னேன், அறை முழுக்கக் கேட்டது. "அடியில பாதிரியார் எழுதினதுங்க. மங்கிப் போச்சுங்க. மேல நான் எழுதினேன். எனக்கு அப்ப பதிமூணு வயசுங்க."

"அப்ப கொப்பர் முந்திச் சொன்னது பொய்யோ?"

இதற்குத்தான் நான் பதில் தயாரித்து வைக்கவில்லை. மூன்று வாரம் யோசித்தும், இந்தக் கேள்வியை மட்டும் யோசிக்கவில்லை. உ. சொல்லியும் யோசிக்கவில்லை. அப்பா சொன்னார்: "ஆமாங்க. பொய்தாங்க." தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

துரை எழுதினார். ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. வேதத்தைத் திருப்பித் தந்தார்கள். முடிவு தபாலில் வரும்.

ரயிலடியில் அம்மா என் தலையைத் தடவினாள். லயம் வரை அப்பா முன்னால் நடந்தார். கதவைத் திறக்கும்போது: "நல்லாப் பேசுன தாயி. ஊமையா இருந்த புள்ள, அப்பன் பொய்யன்னு சொல்லத்தான் வாயத் தொறந்திருக்கு."

நான் சோறு போட்டேன், சாப்பிட்டார்.

ஜூலை 30, சனி

முன்பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு முத்திரை. சாமுவேலின் பெயருக்கு நேரே சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. இறந்த பிள்ளை. பதினோரு மாதம் இருந்தான். அவனையும் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

அழிக்கப் பார்த்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். இனி இந்தப் பக்கத்தில் நான் கை வைப்பதில்லை.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

கடிதம். பெரிய கிளாக்கர் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்பும் வாசித்தார். மனு நிராகரிக்கப்பட்டது. திருத்தப்பட்ட ஆவணம். முப்பத்தாறிலிருந்து நாற்பது வரை இந்நாட்டில் இருந்ததற்கு ஆதாரமில்லை.

கடிதத்தை வாங்கி மேலே இருந்த தேதியைப் பார்த்தேன். இலக்கம் எனக்கு வாசிக்கத் தெரியும். ஜூலை 20. நான் பேசியதற்கு ஒன்பது நாள் முன்னால். அன்றைக்கே முடித்துவிட்டார்கள். 29ஆம் தேதி எங்களை வரச்சொன்னது எதற்கு? கையெழுத்துக்காகக் கடிதம் காத்திருந்ததா, தெரியாது. நான் சொன்ன உண்மை எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அப்பாவைப் பொய்யனாக்கியது மட்டும்தான் மிச்சம்.

கர்த்தர் அந்தத் தேதியையும் முன்பே அறிந்திருப்பார். அறிந்தும் என் வாயைத் திறந்தார்.

முத்தாயி அக்கா ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்து வைத்தாள். "அழுவாத புள்ள. கப்பல்ல போனா ஒண்ணாத்தான் போவோம். ஒங்க பாட்டு எனக்குப் பாதி மனப்பாடம், வழியெல்லாம் பாடிட்டே போலாம்." அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

பாதிரியார் வந்தார். உ. எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் போல. திருவிருந்து வேளையில் பாதிரியாரே இறங்கி அப்பாவின் பெஞ்சுக்கு வந்தார். "வாங்க தாவீது. ஒங்க மக உண்மையச் சொல்லிட்டாளே. ஆண்டவர் மன்னிச்சாச்சு."

"அவ சொன்னது அவளுக்குங்க ஐயா. நான் சொன்னது எனக்கு."

"நீங்களும் ஒத்துக்கிட்டீங்களே."

"பிடிபட்டப்புறம் ஒத்துக்கிட்டது."

பாதிரியார் முன்னால் போய்விட்டார். நான் வரிசையில் நின்றிருந்தேன். திரும்பி வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

மாலை மழை. யாரும் வேதத்தை எடுக்கச் சொல்லவில்லை. நானே எடுத்தேன். அப்பா உடனே எழுந்து வெளியே போய், கூரை இறக்கத்துக்குக் கீழே பீடியோடு நின்றுவிட்டார்.

பகுதி: வம்ச வரலாறு. வெறும் பெயர்கள். இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான். எத்தனை தலைமுறை. வாயில் நுழையாத பெயர்கள். இவர்கள் எல்லோருடைய பிறப்பும் எழுதியிருக்கிறது, யார் எழுதினது என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோரும் நம்புகிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் அட்டையைக் கிழித்து அடுப்பில் போடத் தோன்றியது. ஆனாலும் வாசித்தேன். தகரத்தில் மழைச் சத்தம், ஆகவே சத்தமாக வாசித்தேன். பிறகு இன்னும் சத்தமாக. ரூத்து காதைப் பொத்திக்கொண்டாள். அம்மா, "மெல்ல படி, தொண்ட போயிரும்" என்றாள். நான் குறைக்கவில்லை.

ஒரு பெயரில் தடுக்கி நின்றேன். கதவுக்கு வெளியே இருந்து அப்பா:

"இன்னும் எத்தன பேரு இருக்காங்க?"

"இன்னும் ரெண்டு பக்கம்ப்பா."

பீடிப் புகை உள்ளே வந்தது.

"படி."