படியாத விலை

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று மதியம் அந்தக் கேமிங் கம்ப்யூட்டரை வாங்கிவிட்டேன். நீ தாளில் எழுதிக் கொடுத்த அதே மாடல், அதே கிராபிக்ஸ் கார்டு, அதே முப்பத்திரண்டு ஜிபி மெமரி. பெட்டி உன் அறையில் இருக்கிறது. யாரும் பிரிக்கவில்லை.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் பார்த்ததற்கான அடையாளம் மட்டும் விழுகிறது. அதனால்தான் அத்தை வீட்டுக்கு அம்மா அனுப்பும் துணிப் பார்சலுக்குள் இதை வைக்கிறேன். அங்கே எல்லோரும் சௌக்கியம் என்று உன் அத்தை சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு டீம் உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறதாமே. சொந்த மெஷின் இருந்தால் வீட்டிலிருந்தே ஆடலாமாம். இல்லையென்றால் அவர்களுடைய பயிற்சி வீட்டில் தங்கி ஆட இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம். திங்கட்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டுமாம். இதை நீயே என்னிடம் சொல்லியிருக்கலாம் என்று எழுத வந்தேன். சொல்லும்படியா நான் நடந்துகொண்டேன்?

போன வருஷம் நீ முதலில் கேட்டபோது விலை ஒன்று பன்னிரண்டு, அதாவது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். "படியட்டும்" என்றேன். சைக்கிளில் பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்ற நாளிலிருந்து அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நான் ஆளானேன். வாளியோ நாற்காலியோ, மொத்தமாக எடுக்கிற இடத்தில் அவசரம் காட்டுகிறவன் கூடுதலாகக் கொடுக்கிறான். புது கார்டு வந்தால் பழைய கார்டு போட்ட மெஷின் இறங்கும் என்று நீயே சொன்னாய். இறங்கியது. ஒன்று நாலுக்கு வந்தது. அன்றைக்குக் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று, "அப்பா, இதுதான் அடி விலை. மெமரி விலை ஏறப் போகுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. இன்னைக்கே எடுத்துரலாம்ப்பா" என்றாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தேன். லட்சத்துக்குக் கீழே வரட்டும், படியட்டும் என்றேன்.

அதற்குப் பிறகு படியவே இல்லை. ஒன்று பத்து, ஒன்று பதினெட்டு, ஒன்று முப்பது என்று வாரத்துக்கு வாரம் ஏறியது. ஏற ஏற எனக்கு வீம்பு. ஒன்று நாலுக்கு வாங்காதவன் ஒன்று முப்பதுக்கு வாங்கினால் அவன் வியாபாரியா? அந்த வீம்பில் இருக்கும்போதுதான் அந்த டீமின் தேர்வு ஆட்டத்தின் நடுவில் நம் பழைய மெஷின் அப்படியே உறைந்து நின்றது. நீ கத்தவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "விலைய நீங்க ஜெயிச்சிட்டீங்கப்பா" என்று மட்டும் சொன்னாய். சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு பதில் சொல்லியிருப்பேன். மறுநாள் காலை நீ அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய். அம்மாவுக்கு அன்றிலிருந்து என்னோடு பில் போடும் பேச்சு மட்டும்தான். சாப்பாடு மேஜைமேல் இருக்கும், ஆள் இருக்கமாட்டாள்.

இப்போது நேற்று நடந்ததைக் கேள். கம்ப்யூட்டர் விற்கும் அந்த மாடிக்கடைக்குத்தான் போனேன். கடைக்காரர் ஒன்று நாற்பத்தாறு என்றார். "ஒரே பீஸ்தான் சார் இருக்கு. ரெண்டு மணிக்கு ஒருத்தர் வர்றேன்னிருக்கார்" என்றும் சொன்னார். இந்த இரண்டு மணிக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். நம் கடையிலும் தினமும் அவர் பெயரைச் சொல்லித்தான் நாற்காலி விற்கிறேன். அதனால் வழக்கப்படி எழுந்து வாசல்வரை நடந்தேன். கூப்பிடுவார் என்று மெதுவாகச் செருப்பை மாட்டினேன். கூப்பிடவில்லை. ஒரு படி இறங்கினேன். அப்போதும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு ஆள், கையில் ஹெல்மெட்டோடு, என்னைத் தாண்டி மேலே ஏறினான். உள்ளே நுழைகிறபோதே, "அந்த கேமிங் மெஷின் இருக்குல்லண்ணே?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அடுத்த லோடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. உன் திங்கட்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. செருப்போடு உள்ளே ஓடி, பெட்டிமேல் கையை வைத்து, "இது என்னுது" என்றேன். இத்தனை வருஷத்தில் பேரம் முடியாத பொருள்மேல் நான் கை வைத்ததில்லை.

விலையைக் கொஞ்சம் பாருங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் பாவப்பட்டு மொத்த விநியோகஸ்தருக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி வைத்தார். அந்த மனிதர் சிரித்தார். "எறக்கவா? உங்க ஊர்ல அந்த மாடலுக்கு அடிதடி நடக்குது. திங்கக்கிழமையானா மூணு கடையிலேர்ந்தும் கேட்டு வர்றாங்க. பதினோரு வாரமா! பின்னாடி பெரிய பார்ட்டி ஒண்ணு நிக்குது. நான் எதுக்கு எறக்கணும்?"

பொடிசு, அந்தப் பெரிய பார்ட்டி நான்தான். விலை விசாரிக்க வேன் டிரைவரை ஒரு கடைக்கும், கணக்கரை ஒரு கடைக்கும், உன் மாமாவை இன்னொரு கடைக்கும் திங்கள்தோறும் அனுப்பினேன். ஒருவரும் என் பெயரைச் சொல்லக் கூடாது என்று கட்டளை வேறு. மூன்று கடைக்கும் சரக்கு ஒரே ஆளிடமிருந்து வருகிறது என்று விசாரிக்கத் தோன்றவில்லை. மெமரியால் ஏறியது பாதி என்றால், மீதியை எனக்கு நானே ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கட்டியிருக்கலாம். ஆனால், "கேட்ட மூணு பேரும் என் ஆளுங்கதான். பெரிய பார்ட்டி எல்லாம் கிடையாது. என் பொண்ணு ஒருத்திக்கு ஒரே ஒரு மெஷின்" என்று போனில் சொல்லிவிட்டேன்.  பிறகு, "என்ன சார், என்னையே ஏமாத்திட்டீங்க" என்று விநியோகஸ்தர் சிரித்த சிரிப்பில் ஐயாயிரம் குறைந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "மூணு பேர விட்டுக் கேட்டதுக்குப் பதிலா அவ ஒருத்தி சொன்னதக் கேட்டிருக்கலாம்" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் இது.

உன் அறையில் அடுக்கியிருந்த வாளி மூடிகளைக் குடோனுக்கு மாற்றியாயிற்று. எலெக்ட்ரீஷியன் தனி லைன் இழுத்துவிட்டார். இன்டர்நெட்காரன் நாளை வருகிறான்.

பயிற்சி வீடுதான் உனக்கு நல்லது என்று தோன்றினால் போ, குறுக்கே நிற்கமாட்டேன். மெஷினை அங்கேயே அனுப்பி வைக்கிறேன். அத்தை அனுப்பிய ஒப்பந்தத்தைப் படித்தேன். ஏழாவது ஷரத்தில், நடுவில் விலகினால் ஒரு வருஷம் வேறெங்கும் ஆடக் கூடாது என்றிருக்கிறது. யார் நீட்டினாலும் அதை நீக்கச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதே. இது தடுப்பதற்காகச் சொல்வதல்ல. யாருக்கும் இதைத்தான் சொல்வேன். நீ எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் ஜெயித்து நன்றாக இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு முன்னால் அம்மாவுக்காவது ஒரு போன் போடு.

விலை ஒன்று நாற்பத்தொன்றில் நின்றது. பத்து நாளைக்குள் பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவந்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அந்த வசதி வேண்டாமென்றால் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். "மூணு குறைக்கலாம். ஆனா பொண்ணு ஊர்ல இல்லேங்கறீங்களே சார், யோசிச்சுக்குங்க" என்றார் கடைக்காரர். எழுதுங்கள் என்றேன். ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம், முழுவதும் ரொக்கம், விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது.

இப்படிக்கு,
அப்பா