துரைக்குத் தலைமுடி

ஜூன் 11, புதன்

காலையிலேயே அனல். காற்று வேறு பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட தலையணை உறை கிளிப்போடு போய்விட்டது. எந்த வீட்டு மாடியில் கிடக்கிறதோ.

பார்சல் வந்துவிட்டது! விற்ற பெங்களூர்க்காரர் சொன்ன சொல் தவறவில்லை. பல் செட் லேபிலிருந்து அரை நாள் லீவு போட்டு ஓடிவந்து பிரித்தேன். ரப்பர் பால் முகமூடி, செத்து எழுந்து வந்த வெள்ளைக்காரன் முகம். எங்கோ வெளிநாட்டில் ஒரு சின்னப் பட்டறையில் கையால் செய்தது, கொஞ்சம்தான் செய்தார்களாம். படத்தில் பார்த்து ஏங்கியது போக, இன்று என் மடியில். பேரும் வைத்தாயிற்று. துரை.

துரையின் உடல்நிலை: வலது கன்னத்தில் விரிசல். கழுத்தோரம் கிழிசல். மடித்தே கிடந்ததில் மூக்கு சப்பை. கீழ்வரிசைப் பல் காணோம். காதோர நரைமுடி பாதி உதிர்ந்துவிட்டது. உச்சி மட்டும் நன்றாக இருக்கிறது, சுருக்கம் சுருக்கமாக, அசல் வழுக்கை. அதைத் தொடவே வேண்டாம்.

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்தார். "ஏற்கெனவே ஷெல்ப் பூரா பேய். இதுவுமா?"

"அதுங்க எதாச்சும் உங்ககிட்ட சோறு கேட்டுச்சா?" என்றேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

மாமனார் ஹாலில் பேப்பரை இறக்கிப் பார்த்தார். "பாவம், யாரு பெத்த புள்ளையோ" என்றார். அத்தை தவறிப்போனதிலிருந்து மாமா இவ்வளவு பேசியதே அதிகம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

பழைய துணி, பஞ்சு எல்லாம் துரை தலைக்குள் திணித்து, ஹேர் ட்ரையரால் லேசாகச் சூடு காட்டினேன். மூக்கு மெள்ள எழுந்து நின்றது. கை தட்டினேன், தனியாக.

கன்னத்துக்கு உள்பக்கம், காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி வைத்து, அதன்மேல் ரப்பர் பால். ஒரு பூச்சு, காய வேண்டும், இன்னொரு பூச்சு. அதன் அமோனியா நாற்றம் படி இறங்கிப் போய்விட்டது. கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, "சுமதி, பாத்ரூம் கழுவுறியா?" என்றாள். ஆமாம் என்றேன். விளக்கப் புகுந்தால் பொழுது போய்விடும்.

எல்லாரிடமும் சொல்லியாயிற்று: மேஜைமேல் இருப்பதில் யாரும் கை வைக்கக் கூடாது.

வாங்க: ஸ்பாஞ்ச், டால்கம் பவுடர், தக்காளி.

ஜூன் 13, வெள்ளி

லேபில் சாப்பாட்டு நேரத்தில் துரைக்குப் பல் கட்டினேன். பல் செட் செய்கிற அதே அக்ரிலிக்தான். ஒரு பல் முக்கால், ஒரு பல் கால், ஒன்று கறுப்பு. பக்கத்து டேபிள் ரேவதி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா ஷேடு இது, இவ்வளவு மஞ்சளா? யாருக்கு?"

"பீடி பிடிக்கிறவரு."

"டாக்டர் ஒத்துக்கிட்டாரா?"

"அவருக்கு இதான் வேணுமாம்."

பாவம், நம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்து பொருத்தினேன். என்ன அழகு! வாயைத் திறந்தாலே குலை நடுங்குகிறது. இந்த வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஜூன் 14, சனி

ஐயோ ஐயோ.

மார்க்கெட் போய்விட்டு வருகிறேன், துரையின் மண்டை பளபளவென்று மின்னுகிறது. தொட்டால் வழவழ. தேங்காய் எண்ணெய்!

சனிக்கிழமை. மாமாவுக்கு எண்ணெய்க் குளியல். தன் தலைக்கு வைத்துக்கொண்டு, கையில் மிச்சமிருந்ததை துரை தலையில் தேய்த்திருக்கிறார். மிச்சம் மட்டுமா? காய்ச்சிய கிண்ணமே காலி.

"தலை காஞ்சு வெடிச்சுக் கெடந்துதும்மா. அதான் சூடு பறக்கத் தேச்சு விட்டேன்."

ரப்பர் பாலுக்கு எண்ணெய் எமன். ஊறினால் உப்பும், கூழாகும். பாத்திர சோப்பு போட்டுத் துடைத்தேன், சோளமாவு கொட்டினேன், மறுபடி துடைத்தேன். காலம் கடந்துவிட்டது. உச்சி ஊறின அப்பளமாக நெளிகிறது.

கத்திவிட்டேன். "கை வைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல மாமா! இது என்ன உங்க தலையா?"

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். ராத்திரி சாப்பிட வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கோபம் கோபம் கோபம்.

ஜூன் 15, ஞாயிறு

அறுவை சிகிச்சை. உப்பின இடத்தை ஒரு சப்பாத்தி அளவுக்கு வெட்டி எடுத்தேன். காஸ் துணி, ரப்பர் பால், மறுபடி காஸ். மண்டை மூடிவிட்டது, ஆனால் ஒட்டுப் போட்ட விளிம்பு சுற்றிலும் தெரிகிறது. சுருக்கம் ஒன்றுகூட இல்லை, பானை மாதிரி. கலர் அடித்தும் மறையவில்லை. இனி ஒரே வழி, வழுக்கை போய் முடி வர வேண்டும். நரைமுடி, நீளமாக.

சின்னக்கடை வீதி போனேன். சவுரி எல்லாம் கறுப்பு. ஒரு கடையில் வெள்ளை நைலான் காட்டினார்கள், கூத்துக்குத் தாடி கட்டுகிற ரகம். "உங்களுக்காங்க?" என்றான். முறைத்தேன்.

நைலானை வைத்தால் துரை கிறிஸ்துமஸ் தாத்தா ஆகிவிடுவார். வேண்டாம். அப்படியே மொட்டையாக உள்ளே வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அழுகை வந்தது. நாற்பத்திரண்டு வயசில் பொம்மைக்கு அழுகிறேன். அழுதால் என்ன.

ஜூன் 16, திங்கள்

லேபிலிருந்து வந்தேன். கதவைத் திறந்தவரைப் பார்த்து ஒரு நிமிஷம் யாரோ என்று நினைத்தேன். மாமா! தோள்வரை தொங்கிய வெள்ளை முடி போய், போலீஸ் கிராப்.

கையில் பேப்பர் பொட்டலம். ரப்பர் பேண்டு போட்டுக் கற்றை கற்றையாக.

"சீயக்கா போட்டு அலசிட்டுத்தான் வெட்டச் சொன்னேன். எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. போதுமா பாரு."

என்ன முடி! வெள்ளி நூல். துரைக்காகவே வளர்ந்த மாதிரி. "மாமா!" என்று கத்திக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கூச்சப்பட்டு டிவி பக்கம் போய்விட்டார். உடனே ஊசி தேடினேன். ஊசிக்காதின் நுனியை வெட்டிக் கவட்டை மாதிரி ஆக்கினது. அதில் முடியை மாட்டி ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும்.

குத்தவில்லை. என் வீட்டுக்காரர் வந்தார், பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. "சுமதி, அது சமயபுரத்துக்கு நேர்ந்த முடி."

மறந்தே போனேன். அத்தைக்கு ஆபரேஷன் என்றபோது, அவள் பிழைத்து வந்தால் மொட்டை போடுகிறேன் என்று மாமா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். அன்றையிலிருந்து கத்தரி படாத முடி. அத்தை வரவில்லை. தலைத் திவசமும் முடிந்துவிட்டது. மாமா கோயில் பக்கமும் போகவில்லை, முடியும் வெட்டவில்லை. யாரும் கேட்கவும் பயம்.

ஜூன் 17, செவ்வாய்

பொட்டலம் கேக் டப்பாவில். ஊசி டப்பாமேல். மூன்று தடவை திறந்து பார்த்து மூடினேன்.

இவர் சொல்வது: "ஆத்தாவுக்கு நேர்ந்த முடியைக் கொண்டுபோய்ப் பேய் தலையிலயா? சாமி குத்தம் ஆயிடும்."

மாமா சொல்வது: "கேட்டதை அவ குடுத்தாளா? அப்புறம் நான் எதுக்குக் குடுக்கணும்? என் முடி, என் மருமகளுக்குக் குடுக்குறேன்."

எனக்கு சாமி குத்தம் பற்றிப் பெரிய பயமில்லை. ஆசைதான் பெரிசு. ஆனால் மாமா அதைச் சொன்னபோது தாடை துடித்தது. அதைப் பார்த்தபின் ஊசி ஓடவில்லை.

சாம்பாரில் உப்பு ஜாஸ்தி. யாரும் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

கேட்டுவிட்டேன். மாமாவுக்குக் காபி கொடுத்து, எதிரே உட்கார்ந்து.

"மாமா, எனக்கு இந்த முடி வேணும். ரொம்ப வேணும். ஆனா சாமிமேல இருக்கிற கோவத்துல குடுத்தீங்கன்னா வேண்டாம். நான் கத்தினதுக்குப் பரிகாரம்னாலும் வேண்டாம்."

காபியை இரண்டு தடவை ஆற்றினார். பிறகு: "கோவம்லாம் இருக்கத்தான் செய்யும்மா. நாப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தவ." ஒரு வாய் குடித்துவிட்டு: "அங்க போனா அழுதுடுவேன். அதான் போகல."

அவ்வளவுதான். நான் அழுதுவிட்டேன். அவர் எனக்குத் துண்டைக் கொடுத்தார்.

ஜூன் 22, ஞாயிறு

விடியும்போது மாமா வேட்டி கட்டிக்கொண்டு வாசலில். "வண்டிய எடும்மா. சமயபுரம் போயிட்டு வந்துடலாம்."

"முடி, மாமா?" டப்பாவைக் காட்டினேன்.

"அது உனக்கு. மொட்டை போடறேன்னுதான் வேண்டிக்கிட்டேன். எவ்வளவு நீளம்னு ஆத்தாகிட்ட சொல்லல."

இவர் வண்டிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். அப்பாவிடம் சட்டம் பேச முடியாது.

நல்ல கூட்டம். மொட்டை போடுகிறவர் மாமா தலையைத் தடவிப் பார்த்து, "இதுல எடுக்க என்னங்க இருக்கு?" என்றார். "இருக்கிறதை எடுங்க தம்பி" என்றார் மாமா. சந்தனம் பூசியதும் குழந்தை மாதிரி முகம். சன்னதியில் "நகருங்க, நகருங்க" என்று தள்ளுகிறார்கள். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "நான் குடுத்துட்டேன். அவள நல்லா பாத்துக்க." அழுதார், தாராளமாக. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அங்கே பாதிப் பேர் அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

திரும்பும்போது திருவானைக்காவலில் இட்லி, வடை. மாமா இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கினார்.

சாயங்காலம் உட்கார்ந்தேன். ஊசி, முடி, துரை. பின்னந்தலையிலிருந்து ஆரம்பம். முதல் வரிசை ஒட்டு விளிம்பை மறைத்துவிட்டது! இவர்கூட வந்து பார்த்து, "ம்ம், பரவால்ல" என்றார். இவர் அப்படிச் சொன்னால் பிரமாதம் என்று அர்த்தம்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையைத் தொடவில்லை. நெற்றிப் பக்கம் வந்தபோது எல்லாவற்றையும் பின்னால் படிய வாரினேன். மாமா தொண்டையைச் செருமினார்.

"முன்னால ஒரு பிசிறு நெத்தியில எறக்கி விடும்மா. உங்க அத்தைக்கு அப்படி இருந்தாத்தான் புடிக்கும்."