கிணறுகளைப் பிரதி எடுத்த நாட்கள்

6.3.89, திங்கள். ஊர்காவற்றுறை
காலையிலேயே வெயில். காற்று இல்லை. எங்கள் தண்ணீர்ப் பகுதிக் கந்தோர்க் கொம்பியூட்டரின் ஹாட் டிஸ்க்கில் இன்றும் டிக் டிக் சத்தம். வெள்ளியைவிட மோசம். நாலாவது முறைதான் திறந்தது.

அதற்குள் இருப்பவை: அனலைதீவின் நாற்பத்தொரு கிணறு, மூன்று வருடமாகத் தண்ணீரில் அளந்த உப்பு இலக்கங்கள், மாதத்துக்கு ஒன்று. எழுதிய கொப்பிகளைப் போன மாரியில் கறையான் தின்றுவிட்டது. ஆகவே உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கின்றன, அந்த இடமும் டிக் டிக்.

16ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் கூட்டம். அனலைதீவுக்குத் தண்ணீர்த் தாங்கி உண்டா, குழாய் எந்தெந்தத் தெரு, ஒழுங்கைகளுக்கு என்று அன்றைக்கு முடிவு. மூன்று வருட இலக்கம் காட்டாவிட்டால் தாங்கி வேறு தீவுக்குப் போய்விடும். உப்பு இரண்டாயிரம் தாண்டிய ஒழுங்கைகளுக்கு மட்டும்தான் குழாய்.

வெளியே வைக்கிற டிஸ்க் பெட்டி கொழும்பிலிருந்து நாளை வருமாம். வாங்க: சோப்பு, நீல மை, அம்மாவின் பிரஷர்க் குளிசை.

7.3, செவ்வாய்
பெட்டி வந்தது. ஒரு இறாத்தல் பாண் அளவு. கூடவே ஒரு தாளில் விளக்கம். டிஸ்க்கில் உள்ளது முழுவதையும் அப்படியே மற்றதில் பதிக்கலாம். எதிலிருந்து, எதற்கு என்று இரண்டே கேள்விதான் கேட்கும். உள்ளே இருப்பது 1, பெட்டி 2. குழந்தைக்கும் விளங்கும்.

பெட்டியைப் பொருத்தி முடிக்கவே இரண்டே முக்கால். பக்கத்தில் சிவபாதம் அண்ணை. மாதாமாதம் வள்ளத்தில் போய்க் கிணற்றுக்குக் கிணறு மீற்றர் இறக்கி இலக்கம் கொண்டுவருகிறவர். மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பிள்ளை, மூண்டு மணிக்கு ராகுகாலம். அதுக்கு முதல் தொடங்கிப்போடும்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே நானும் மணி பார்த்தேன். 2.56. எனக்கு ராகுவிலும் நம்பிக்கை இல்லை, கேதுவிலும் இல்லை. ஆனால் அவசரம் மட்டும் வந்துவிட்டது. தட்டினேன். நாற்பது நிமிடம் ஓடியது. கரண்ட் போகவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே புளுகம், அந்தச் சந்தோஷத்துக்குப் பிளேன்ரீ வேறு.

பிறகு திறந்து பார்த்தேன். இரண்டும் வெறுமை. முதல் கேள்விக்கு 2, இரண்டாவதுக்கு 1 என்று தட்டியிருக்கிறேன். பெட்டியின் வெறுமையைப் பழைய டிஸ்க்கில் அச்சொட்டாகப் பதித்தாயிற்று. ஒரு பிழையும் விடாமல்.

8.3, புதன்
காலையில் சி. அண்ணையைப் பேசிவிட்டேன். ராகுகாலம் பார்த்த மூளையால் ஒரு கொப்பி எழுதி வைத்திருக்கலாமே என்று. மனிதர் என் மேசைத் தூசியைத் துடைத்துவிட்டுப் போனார். அது இன்னும் சுட்டது. விரல் என்னுடையது, அவருடையது இல்லை. பத்து மணிபோல மன்னிப்புக் கேட்டேன். வேலையை விடுகிறேன் என்று கடிதமும் தொடங்கினேன். இரண்டு வரி. கிழித்தேன்.

மதியம் வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"பிள்ளை, இலக்கம் எல்லாம் அங்க கிடக்கு. நான் மீற்றரைப் பாத்தவுடன சனம் கேக்குங்கள், எவ்வளவு எண்டு. கேட்டு அலுமாரிக் கதவின்ர உள்பக்கம் எழுதி வைக்குங்கள்."

எதற்கு என்றேன். பக்கத்து வீட்டுக் கிணற்றைவிடத் தங்கள் கிணறு நல்லது என்று காட்டத்தானாம். நம்பவில்லை. நாளை போகிறோம்.

9.3, வியாழன். அனலைதீவு
வள்ளத்தில் தலைச்சுற்று. புதுக் கொப்பி, நாலு பென்சில், தொப்பி (மறந்தேன்).

முதல் வீட்டு அலுமாரி திறந்தது. கதவின் உள்பக்கம் மகனின் பிறந்த நேரம், மாடு கன்று போட்ட நாள், அதற்குக் கீழே வரிசையாக எங்கள் உப்பு இலக்கங்கள். மூன்று வருடமும். ஒரு மாதம் விடுபடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, இவர்கள் குறைத்து எழுதியிருப்பார்கள், தன்னுடையதையும் வந்து பாருங்கள் என்றா. பார்த்தோம். முதல் வீட்டார் குறைக்கவில்லை என்று சி. அண்ணை சொன்னார். அவவுக்குத்தான் மனவருத்தம்.

இந்தப் பொறாமைக்காரருக்கு ஆயிரம் கும்பிடு.

10.3, வெள்ளி. அனலைதீவு
அலுமாரிக் கதவு 29. குசினிச் சுவரில் கரியால் 5. கலண்டர் 3. வெளிநாடு போய்ப் பூட்டிய வீடு 4.

கடைசி ஒழுங்கையில் கடைசி வீடு இராசம்மா அக்காவுடையது. சி. அண்ணை வாசல் படலையிலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் போய் அலுமாரிக் கதவைப் பார்த்தேன். எல்லாம் 1700, 1800. ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் அக்காவின் எழுத்தில் ஒரு சொல். "உப்பு." "உப்பு." "வாயில வைக்கேலாது." இலக்கம் ஒன்று, நாக்கு வேறொன்று. சி. அண்ணையைக் கூப்பிட்டேன். வந்தார், நிலத்தைப் பார்த்தபடி.

"அக்கா, உங்களுக்கு மட்டும் ஐந்நூறு குறைச்சுச் சொன்னனான். மகளின்ர கலியாணப் பேச்சு நடந்தது. வீடும் கிணறும்தானே சீதனம்."

"தெரியும் தம்பி. தண்ணியைக் குடிக்கிறது நான்தானே," என்றா அக்கா. "மாப்பிள்ளை வீட்டாரும் குடிச்சுப் பாத்திட்டுத்தான் ஓம் எண்டவை."

கந்தோருக்குச் சரியான இலக்கத்தைத்தான் தந்திருக்கிறார். பொய் இந்தக் கதவில் மட்டும். இதை அப்படியே பிரதி எடுத்திருந்தால் இந்த ஒழுங்கைக்குக் குழாய் இல்லை. ஐந்நூறைக் கூட்டி எழுதினேன், அக்காவின் சொற்களையும் பக்கத்தில் அப்படியே எழுதினேன். கோபிக்க நினைத்தேன், ஏலவில்லை.

13.3, திங்கள்
அனலையிலிருந்து வந்ததிலிருந்து தட்டச்சுத்தான். முப்பத்தேழு கிணறு. முதுகு போச்சு. டிஸ்க் நாலு தடவை மக்கர். மத்தியானம் பிரதி. சி. அண்ணை தாளை உரத்து வாசிக்க, நான் தட்டினேன். 1. பிறகு 2. மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார். பெட்டியில் எல்லாம் இருக்கிறது. மூன்று முறை பார்த்தேன். அழகான பெட்டி.

16.3, வியாழன். யாழ்.
சோதனைச் சாவடியில் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார்கள். உயிர் போய் வந்தது.

கூட்டத்தில் இஞ்சினியர் மற்ற நாலு கிணறு எங்கே என்று கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. 2, 1 தட்டியது, அலுமாரிக் கதவுகள், இராசம்மா அக்கா வீட்டு ஐந்நூறு, எல்லாம் சொன்னேன். அவர் கொப்பியை வாங்கி அந்த வீட்டுப் பக்கத்தை நேரமெடுத்து வாசித்தார். "வாயில வைக்கேலாது" என்பதை விரலால் தொட்டார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து வரைபடத்தில் கோடு இழுத்தார். கோடு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனது.

வெளியே மரத்தடியில் சி. அண்ணை. என்னைக் கண்டதும் எழும்பினார்.

"அக்கான்ர ஒழுங்கை?"

"படலை வரைக்கும் குழாய் வருது அண்ணை."