எந்த டாக்டரிடம், எந்த பஸ்ஸில்

லெப்பைக்குடிக்காடு
12.2.1999

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

என் இருதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. சொன்னவர் திருச்சி இருதய டாக்டர். செவ்வாய்க்கிழமை எல்லாச் சோதனையும் செய்து, எழுத்திலும் கொடுத்துவிட்டார்.

இருதய டாக்டரிடம் எதற்குப் போனாய் என்று கேட்பீர்கள். போன கடிதத்தில், "என்னோடு ஷார்ஜாவில் இருக்கப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு" என்று எழுதியிருந்தீர்கள். பிடிக்காமல் இல்லை. என்னால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் உங்களை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்று ஆரம்பித்தது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை சில்லிட்டுப் போகிறது, இதோ உயிர் போகப் போகிறது என்று தோன்றுகிறது. பாதி வழியில் இறங்கிவிடுகிறேன். பெரம்பலூர் வரைக்கும் போக முடியாதவள் கடல் தாண்டி எப்படி வருவேன்? உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. திருச்சிக்கும் அஸ்ஃபாக் அண்ணன் காரில்தான், வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் போனோம்.

டாக்டர் சொன்னது இது: "இருதயம் நல்லா இருக்கும்மா. பயம்தான் இப்படிப் பண்ணுது. அதுக்கு வேற டாக்டரைப் பாருங்க." எந்த டாக்டர் என்று கேட்பதற்குள் அடுத்தவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

உங்கள்
சுல்தானா

ஷார்ஜா
27.2.1999

அன்பு சுல்தானாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். உனக்கு உடம்பு முடியவில்லை என்பதற்காக இல்லை. உனக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்து, என் சமையல் முறை வரும் நாளிலெல்லாம் குழம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். அறையில் எல்லாரும் ஏசினார்கள். நேற்று வைத்த குழம்பைச் சட்டி வழித்துச் சாப்பிட்டார்கள்.

செந்துறை பாலசுந்தரம் என் அறையில்தான் இருக்கிறார். விவரம் தெரிந்தவர். "இது நரம்புத் தளர்ச்சி மதார். நரம்பு டாக்டரைப் பாக்கச் சொல்லு" என்கிறார். அதன்படி செய். என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ.

வெட்கப்பட ஒன்றும் இல்லை. நானும் லிஃப்டுக்குப் பயந்து படியேறித்தான் போகிறேன்.

மதார்

லெப்பைக்குடிக்காடு
20.3.1999

அன்பு மச்சானுக்கு, ஸலாம்.

சரியான டாக்டர் கிடைத்துவிட்டார். அரியலூரில், இன்று காலை. வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்த முறையும் எல்லா இடத்துக்கும் அஸ்ஃபாக் அண்ணன் காரில்தான் போனோம். முதலில் பாலசுந்தரம் அண்ணன் சொன்னபடி நரம்பு டாக்டரைப் பார்த்தோம். சிறு சுத்தியலால் முழங்காலில் தட்டினார், கண்ணில் டார்ச் அடித்தார். "வலிப்பு, பக்கவாதம் இதுக்கெல்லாம் பாக்குறவன் நான். உங்க நரம்புக்கு ஒரு குறையும் இல்ல. மனநல டாக்டரைப் பாருங்க. அரியலூருக்கு ஒருத்தர் வர்றார்" என்றார்.

மனநலம் என்ற சொல்லைக் கேட்டதும் மாமி முகம் சுருங்கிவிட்டது. "பைத்தியத்துக்குப் பாக்குறவங்ககிட்டயா? வேணாம்" என்று சொல்லி, யாரோ சொன்ன இன்னொருவரிடம் கூட்டிப் போனார். பெரம்பலூரில் மாடியில் இருக்கிறார். 'மனோதத்துவ நிபுணர், எல்லாப் பயமும் ஒரே நாளில் நீங்கும்' என்று போர்டு. உட்கார்ந்ததும் கண்ணை மூடு என்றார்.

மாமி விடவில்லை. "கண்ண அப்பறம் மூடலாம் தம்பி. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

அவர் சுவரைக் காட்டினார். அங்கே அவருக்கு யாரோ மாலை போடும் போட்டோ இருந்தது.

"மாலை போட்டது தெரியுது. படிச்சது எங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மாமிக்கு வரவில்லை. "எந்திரிடி, போவோம்" என்றார். படியில் இறங்கும்போது, "அந்த அரியலூர் ஆளுகிட்டயும் இதையேதான் கேப்பேன்" என்றார்.

கேட்டார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி மாதத்தில் இரண்டு சனிக்கிழமை திருச்சியிலிருந்து அரியலூர் வருகிறவர். கோபப்படாமல் பட்டத்தைச் சொன்னார். முதலில் எல்லாரையும் போல எம்.பி.பி.எஸ்., அதற்குமேல் மனநோய்க்கென்றே தனிப் படிப்பு. "எங்கிட்ட வர்றவங்க எல்லாம் பைத்தியம் இல்லம்மா. தூக்கம் வராதவங்க, அழுதுகிட்டே இருக்கறவங்க, உங்க மருமக மாதிரி பயப்படுறவங்க, எல்லாரும்தான்."

என் பழைய சீட்டுகளைப் பார்த்தார், நிறையக் கேள்வி கேட்டார். இது திடீரென்று வரும் பீதி, ஆளைக் கொல்லாது என்றார். "மாத்திரை எழுதுறது என் வேலை. தேவைப்பட்டா எழுதுவேன். ஆனா உங்களுக்கு முதல்ல பயிற்சி கொடுத்துப் பாக்கலாம். அதுக்குப் பக்கத்து ரூம்ல ஆள் இருக்காங்க."

அடுத்த அறையில் நர்மதா என்றொரு பெண், உளவியலாளர். "நான் மருந்து எழுதுற டாக்டர் இல்ல. பயத்தோட எப்படிப் பழகறதுன்னு சொல்லித் தர்றதுக்குப் படிச்சவ" என்றார். சொல்லிவிட்டு என்னை மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்கச் சொன்னார். கூடவே அவரும் ஏறினார். இருவருக்கும் மூச்சு வாங்கியது, நெஞ்சு அடித்தது.

"பஸ்ல வர்ற மாதிரியே இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு."

"இப்ப செத்துருவோம்னு தோணுதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருஷமாக உயிர் போகிற அறிகுறி என்று நினைத்தது, படி ஏறினாலும் வருகிறது.

இனிமேல் பஸ் ஏற வேண்டும். கிட்டே இருக்கிற ஊரில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம். பயம் வந்தால் இறங்கக் கூடாது, அது தணிகிற வரை உட்கார வேண்டும். தைரியத்துக்கு என்று நான் கையில் பிடித்துக்கொள்ளும் எலுமிச்சம்பழமும் கூடாது. கடைசியில், துணை இல்லாமல் தனியாகப் போக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். "தனியாவா? ஊரு என்ன பேசும்?" என்கிறார் மாமி. உங்கள் பதில் வந்தால்தான் ஆயிற்று.

சுல்தானா

ஷார்ஜா
4.4.1999

அன்பு சுல்தானாவுக்கு, ஸலாம்.

போ. யாராவது கேட்டால் மதார்தான் அனுப்பினான் என்று சொல். அம்மாவுக்கும் தனியே எழுதியிருக்கிறேன். எனக்கும் மனசு கொஞ்சம் அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் துணையோடு போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஆயுளுக்கும் யாராவது துணைக்கு வர வேண்டும்.

பாலசுந்தரம் தன் கருத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். நான் மறுபடி விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். குடும்பத்தோடு இருக்க ஒரு வீடும் பார்க்கிறேன்.

மதார்

லெப்பைக்குடிக்காடு
15.5.1999

அன்பு மச்சானுக்கு, ஸலாம்.

நேற்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நான் தனியாக இறங்கினேன். சாட்சி அந்த பஸ் கண்டக்டர்.

உங்கள் கடிதத்துக்கு மாமி கட்டுப்பட்டார், ஆனால் தன் வழியில். "தனியாப் போ. நானும் அதே பஸ்ல தனியா வரேன்" என்றார். நான் பின்னால், அவர் முன்னால். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னைத் தெரியாதவர் போல உட்காருவார். பஸ் குலுங்கினால் திரும்பிப் பார்த்துவிடுவார். அவர் பக்கத்து சீட்டுப் பெண் ஒருநாள், "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டுவிட்டார். "யாரையும் தேடல, கழுத்து வலி" என்றார் மாமி. நர்மதாவிடம் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அவங்களும் இறங்கணும்" என்றார்.

வீட்டில் வந்து மாமியிடம் அதைச் சொன்னேன். நேற்று பஸ் வாலிகண்டபுரத்தில் நின்றதும் எழுந்தார். அந்த ஊரில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. கண்டக்டரிடம், பஸ் முழுக்கக் கேட்கும்படி, "பின்னாடி ஒரு புள்ள தனியா வருது. யாரு என்னன்னு எனக்குத் தெரியாது. பெரம்பலூர்ல பத்திரமா எறக்கி வுட்ருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் கிளம்பியதும் எல்லாம் வந்தது. நெஞ்சு, கை, மூச்சு. கதவைப் பார்த்தேன். இறங்கவில்லை. வா, வந்து உட்கார் என்று விட்டுவிட்டேன். பயம் ஏறியது, நின்றது, பிறகு தானாக இறங்கியது. அதற்குப் பிறகு ஜன்னல் வழியாகச் சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெரம்பலூரில் வளையல் வாங்கினேன்.

திரும்பும்போது மாமி வாலிகண்டபுரத்தில் ஏறி, காலியாக இருந்த இடமெல்லாம் விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இந்த ஊர்ல டீ நல்லாருக்கு" என்றார். என் கையைப் பிடித்துப் பார்த்தார். சூடாக இருந்தது. வீடு வரும் வரை விடவில்லை.

பயம் இனி வரவே வராதா என்று நர்மதாவிடம் கேட்டேன். எப்போதாவது வரும், வந்தால் என்ன செய்வது என்று உங்களுக்குத் தெரியும் என்றார். இந்த மாதம் 29ஆம் தேதி அவரைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். டாக்டர் மாத்திரை எழுதவே இல்லை.

விசா ஜூன் கடைசியில் வரும் என்று போனில் சொன்னீர்கள். வந்ததும் அரியலூரிலிருந்து சென்னைக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிடுவேன். வீடு பார்த்துவிட்டீர்களா என்பதற்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. ஜூன் பதினைந்துக்குள் எழுதுங்கள்.

புறப்படத் தயாராக இருக்கும்
சுல்தானா