சூப்பர்வைசர் எனக்கு ஜோடியான கதை

அன்புள்ள டெல்பின் மகாராணிக்கு,

திருவெறும்பூர் ஒற்றை அறைச் சக்கரவர்த்தி அற்புதசாமி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் உன் முட்டிவலி குறைந்திருக்கும்.

நேற்று எனக்கு உயிர் போய் வந்தது. மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஸ்ரீரங்கம் கூட்டத்துக்கு, டாக்டர் சொல்லிப் போனேன். அங்கே, ஆயிரம் சிங்கத்துக்குச் சமமான எங்கள் ஃபேக்டரி சூப்பர்வைசர் முருகானந்தம் உட்கார்ந்திருந்தார்! வேலை போயிற்று என்று வாசலுக்குத் திரும்பினேன்.

"எங்கங்க ஓடுறீங்க? நானும் பதினோரு வருஷமா மாத்திரை போடுறவன்தான்," என்றார். என் இதயம் கொள்ளிடத்தைத் தாண்டிக் குதித்தது.

அங்கே ஆளுக்கொரு ஜோடி உண்டு. மாத்திரை போட்டாச்சா என்று ஜோடி தினமும் போனில் கேட்க வேண்டும். என் ஜோடி அவரேதான்! முதல் கேள்விக்கே பொய் சொல்ல நாக்கு எழவில்லை. நன்றாகத் தூங்குகிறேனே என்று மூன்று வாரம் முன்பு நானாக நிறுத்திவிட்டேன், டெல்பின். இப்போது ஐந்து நாளாகக் கண் மூடவில்லை.

"நானும் இப்படி நிறுத்தித்தான் ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தேன். நாளைக்கு லீவு போடுங்க, டாக்டர்ட்ட சேர்ந்தே போவோம். வீட்டம்மாவுக்கும் உண்மைய எழுதிடுங்க," என்றார்.

எழுதிவிட்டேன். பயப்படாதே. உன் பழைய சேலையில் தலையணை உறை ஒன்று தைத்து அனுப்பு. அந்த மாத்திரைக் கேள்வியை நீயும் தினமும் கேளேன். சிங்கம் கேட்டால் மாத்திரை இறங்கும், தூக்கம் எப்படி வரும்?

வாசலில் அவர் ஹாரன் அடிக்கிறார். கிளம்புகிறேன்.

அற்புதசாமி